முறை

சாட்ஸ்வர்த்தில் இன்றைக்கு எங்கள் தொகுதியின் முறை
இரவு எட்டிலிருந்து பத்தரை.
எட்டானதும் குளிர்பெட்டி ஒரு பெருமூச்சு விட்டது.
எதிர்வீட்டு மின்கதவு பாதி திறந்து அப்படியே நின்றது,
காருக்குள் ஆள், வெளியே வீடு.

நாளை காலை ஒப்படைக்க வேண்டிய பாடமும் இதுதான்:
செயலி ஒன்று, ஓட வேண்டியவை நூறு.
யாருக்கும் முழு நாள் கிடையாது.
துளி நேரம் ஓடு, மணி அடித்தால் இறங்கு.
இறங்குமுன் எங்கே நின்றாய் என்று எழுதிவை,
திரும்பி வருகிறவனுக்கு
இடையில் ஒன்றுமே நடக்காதது போலிருக்க வேண்டும்.

மெழுகுவர்த்தியில் நானும் எழுதிவைத்தேன்:
வரி 212. பூட்டு இன்னும் திறக்கவில்லை.
அடுப்பில் பீன்ஸ் கறி, முக்கால் வேக்காடு.

இன்வெர்ட்டர் அண்ணன் மடியில்.
அதன் வயர் என் கையில்.
அவனுக்கு ரக்பி, எனக்கு 212.
நீ கொடு என்றான்.
நீ முதலில் கொடு என்றேன்.
இப்படி இருவர் இறுகிப்போக நான்கு நிபந்தனை வேண்டும்,
ஒன்றை முறித்தால் போதும் என்கிறது புத்தகம்.
புத்தகம் படிக்காத அம்மா
இரண்டையும் பிடுங்கிப்போய்
தன் போனைச் சார்ஜில் போட்டாள்.

லிண்டோகுலே என் கூட்டாளி, வீடு உம்லாசியில்.
அங்கே மின்மாற்றி வெடித்து ஆறு நாள்.
அட்டவணையில் அவன் தெருவுக்கும் முறை இருக்கிறது,
மின்சாரம்தான் இல்லை.
வளாகத்து விளக்கடியில் கடைசி டாக்ஸி வரைக்கும் உட்கார்ந்து
எங்கள் நிரலில் அவன் சேர்த்தது ஒரே வரி:
காத்திருக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூட்டு.
அடியில் கிடப்பதும் கூடிக்கூடி மேலே வந்துவிடும்,
பட்டினியால் சாகாது.

பத்தரைக்கு வெளிச்சம்.
212-ஐச் சரிசெய்து ஓடவிட்டேன்.
பெரிய எண்கள் முட்டி மோதின.
ஒன்பதாம் பணி, எல்லாவற்றுக்கும் கீழே வைத்தது,
முன்னூற்று நாற்பது சுற்று பொறுத்து
எழுந்து வந்து ஒரு வரி அச்சிட்டது:
என் முறை.
கத்திவிட்டேன். அண்ணன் கோல் என்று நினைத்தான்,
ரக்பியில் கோல் ஏது.

லிண்டோவுக்குச் சொல்லலாமென்றால் அவன் போன் அணைந்திருந்தது.
நகராட்சியைக் கூப்பிட்டேன், அவன் தெருப் பெயரைச் சொல்ல.
ஒரு பெண் குரல், பதிவு செய்தது:
நீங்கள் வரிசையில் நாற்பத்தோராவது.
பிறகு இசை.
கறியை மீண்டும் அடுப்பில் வைத்தேன், வெந்தது, இறக்கினேன்.
இசை நின்றது.
நீங்கள் வரிசையில் நாற்பத்தோராவது.