தளும்பாத குடம்

கருவி கெட்டுவிட்டதென்றுதான் முதலில் நினைத்தேன்.
அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே படம்:
மண்டையோட்டுக்குள் கருப்பாக ஓர் ஏரி.
கரையில், குடத்தின் உட்சுவரில் பாசி படிந்தாற்போல
மெல்லிசாய் ஒரு சாம்பல் விளிம்பு.
அவ்வளவுதான் மூளை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஏரியின் சொந்தக்காரர்
காலுறையில் ஓர் ஓட்டையோடு படுத்திருந்தார்.
எஜீதியோ ஷ்கெர்க், வயது நாற்பத்தாறு,
ட்ரியெஸ்டே துறைமுகத்தில் லாரிகளுக்கு எடை போடுகிறவர்.
இரண்டு வாரமாய் இடது கால் மரத்துப்போகிறதாம்.
வேறு புகார் இல்லை.

"முடிந்ததா அம்மணி?" ஒலிபெருக்கியில் அவர் குரல்.
"பார்க்கிங் மீட்டரில் எட்டு நிமிடம்தான் மிச்சம்."

வெளியே போரா காற்று.
குப்பைத் தொட்டிகள் தாமாகத் தெருவிறங்கிக் கடலுக்குப் போகும் நாள்.
பிடித்து நடக்கக் கயிறு கட்டியிருந்தார்கள் மேட்டுச் சாலையில்.
அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் ஏறி வந்திருக்கிறார்
தலை கொள்ளாத் தண்ணீரோடு,
ஒரு சொட்டு தளும்பாமல்.

சில்லறை இல்லை என்றார். என் பையில் இருந்ததைக் கொடுத்தேன்.
டாக்டர் பெனுஸ்ஸி இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தபோது
கட்டில் காலி.
"நோயாளி எங்கே?"
"மீட்டருக்குக் காசு போடப் போயிருக்கிறார்."
"நடந்தா?"
"ஓடி."

திரும்பி வந்தவரைச் சுற்றி நின்றுகொண்டு
என்ன கிழமை, ஏழிலிருந்து நூறுவரை, மூக்கைத் தொடு.
தொட்டார். பொறுமையாக.
கைக்குழந்தையாக இருந்தபோது தலையில் ஒரு குழாய் வைத்தார்களாம்,
பதினாலு வயதில் எடுத்தார்களாம்,
அதற்கப்புறம் உள்ளே எட்டிப் பார்க்க
யாருக்கும் தோன்றவில்லையாம்.
"கணக்கு வாத்தியார் மட்டும் கேட்பார்,
மண்டையில் என்ன, களிமண்ணா என்று.
தண்ணீர் என்று அவருக்கும் தெரியாது, பாவம்."
அவர் மட்டும் சிரித்தார்.

நிறைந்த லாரியில் வெறும் லாரியைக் கழித்தால்
வருவது சரக்கு.
அதை மனக்கணக்காய்ச் சொல்லிவிடுவாராம், கால்குலேட்டர் பொத்தான் தேய்வதற்குள்.
மனைவி நெரினாவுக்குக் காப்பியில் சர்க்கரை கூடாது,
சின்னவளுக்குச் செவ்வாய்க்கிழமை நீச்சல்,
மாமனாரோடு அரசியல் பேசக் கூடாது.
எல்லாம் எங்கே வைத்திருக்கிறார்?
அந்த விளிம்பிலா?
பெனுஸ்ஸி படத்தைத் தலைகீழாய்க்கூடத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என் கால்?" என்றார் எஜீதியோ.
யாரும் பதில் சொல்லவில்லை.
கால் இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

மூளையில்லாதவன்:
நானும் சொல்லியிருக்கிறேன்,
வண்டியைக் குறுக்கே விட்டவனை, வாடகை பாக்கி வைத்தவனை,
ஒருகாலத்தில் நான் காதலித்தவனைக்கூட.
இப்போது அந்தச் சொல்
தொண்டைவரை வந்து
வழி தெரியாமல் திரும்பிப் போகிறது.

அன்றிரவு குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது
கை சற்று நின்றது.
என் மண்டைக்குள் என்ன இருக்கிறதென்று நானும் பார்த்ததில்லை.
பத்தொன்பது வருஷமாய் ஊர்த்தலைகளைப் படமெடுக்கிறேன்.
சலுகை விலையில் கிடைக்கும்.
வேண்டாம்.

மூன்று வாரம் கழித்து, மதிய இடைவேளை.
வரவேற்பில் ஒரு ஆள்
தொப்பியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார்.
யாரோ உறவினர் போலும்,
முடிவு வாங்க வந்திருக்கிறார் என்று
ஜன்னலைக் கைகாட்டினேன்.

அவர் நகரவில்லை.
"இரண்டு யூரோ," என்றார். "காற்றடித்த அன்றைக்கு.
நீங்கள் கொடுத்தீர்கள்."

அந்த ஏரியைக் கேட்டிருந்தால்
கண்ணை மூடிக்கொண்டு வரைந்திருப்பேன்,
கரையின் ஒவ்வொரு வளைவோடும்.
முகம்தான் எனக்கு நினைவில்லை.

நாணயம் சூடாக இருந்தது.
வழியெல்லாம் கைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.
"கால் எப்படி?" என்றேன்.
"அப்படியேதான்," என்றார், லேசாய் உதறிக்காட்டி.
பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு
வேகமாகப் போனார்,
மீட்டரை நோக்கி.