எலுமிச்சை நிறத்தில் ஒரு காற்சட்டை

கிளினிக் அட்டையில் டொக்டர் எழுதியது ஒரே வரி:
தினமும் நாற்பது நிமிடம் நடக்கவும்.
எதை உடுத்து நடப்பதென்று எழுதவில்லை.

சேலையோடு மூன்று நாள் போனேன்.
முதல் நாள் சூரைமுள் முந்தானையைப் பிடித்து
கடன் கொடுத்தவன்போல் விடமாட்டேன் என்றது.
இரண்டாம் நாள் கரையெல்லாம் ஒட்டுப்புல்.
மூன்றாம் நாள் நடந்ததை நான் சொல்லேன்,
பவளராணியைக் கேளுங்கள்,
அவள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

சம்பள நாள் பின்னேரம்
புதுக்குடியிருப்புச் சந்தியில் இறங்கினேன்.
கடைக்காரர் மண்ணிறத் துணியை விரித்தார்.
"நடக்கிறதுக்கு இதுதான் அக்கா, ஊத்தை தெரியாது."
ஊத்தை தெரியாத நிறங்களையே
இருபது வருஷம் உடுத்தாயிற்று, தம்பி.
தெரியட்டும்.

கடும்பச்சையை எடுத்தார்.
வேண்டாம் என்றேன்.
ஏனென்று கேட்கவில்லை.
அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான்.
சிவப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தேன்:
வரம்போரம் சிவப்புக் குச்சி நட்டிருந்த நாட்களில்
அதைக் கண்டதும் நின்றுவிடப் பழகிய கால் இது.
சிவப்பை உடுத்தால் எப்படி நடக்கும்?

அப்போதுதான் மேல்தட்டில் அது தெரிந்தது.
எலுமிச்சை மஞ்சள், அதில் சின்ன வெள்ளைப் பூ.
"அது யன்னல் சீலைத் துணி அக்கா."
யன்னல் நடந்தால் ஆகாதா?

றெஜினா அளவெடுத்தாள்.
இடுப்பைச் சத்தமாகச் சொல்லாதே என்றேன்.
முழங்காலுக்கு மேலே அகலம் வேண்டும்,
வாய்க்கால் பாய.
கணுக்காலில் இறுக்கம் வேண்டும்,
அட்டை ஏறாதிருக்க.
பை ஆறு. விசிலுக்கு ஒன்று, தேசிக்காய்க்கு ஒன்று,
ஒட்டுப்புல் வழிக்கப் பழைய சீப்புக்கு ஒன்று,
மற்றதெல்லாம் பாலைப்பழத்துக்கு.
துணி ஒரு சாண் குறைந்துபோனது.
வலக்கால் ஓரத்துக்கு அவளே
தன் மகனின் பழைய கத்தரிப்பூச் சேட்டை வெட்டிப் போட்டாள்.

முத்தையன்கட்டுக் குளக்கட்டில் முதல் காலை.
தூண்டிலோடு இருந்தவர் தூண்டிலை மறந்தார்.
லாண்ட்மாஸ்டரில் போன பொடியன்
"எங்கை திருவிழா?" என்று கத்தினான்.
நீர்க்காகம் மட்டும் பேசாமல்
தன் கறுப்புச் செட்டையை விரித்துக் காயவைத்தது.
மஞ்சளைக் கண்டால் யானை என்ன செய்யும்?
ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.
யானையைக் கேட்டவர் ஒருவருமில்லை.

ஆனிமாதம். பாலை பழுத்துக் கிடந்தது.
பவளராணி சாம்பல்நிறச் சட்டையோடு
பற்றைக்குள்ளே குனிந்தாள்.
நான் அவள் பின்னால், பழத்துக்குக் கை நீட்டியபடி.
சருகு முறிந்தது.
அங்காலே ஒருவர், கையில் இடியன்.

பெயர் சொல்லமாட்டேன்.
சங்கக்கடையில் அவருடைய கணக்கு என்னிடம்தான் இருக்கிறது.

குழலை நிலத்துக்குத் தாழ்த்திவிட்டு
அந்த மனிசன் பொத்தென்று குந்தினார்.
வேர்த்து ஒழுகியது.
"பண்டி எண்டுதான் நினைச்சன் பிள்ளையள்.
பிறகு பாத்தால், ஒரு பண்டி
பூப்போட்ட காற்சட்டையோட நிக்குது."

சிரிக்க எங்களுக்குக் கனநேரம் எடுத்தது.
தேசிக்காயை வெட்டி உப்பில்லாமல் மூவரும் சப்பினோம்.
திரும்பும் வழியில் பவளராணி பேசவேயில்லை.
மதகடியில் நின்று கேட்டாள்:
"அந்தத் துணி இன்னும் மிச்சமிருக்குமே?"

இல்லை என்று கடைக்காரர் சொன்னார்.
அவளுக்குக் கிடைத்தது செம்மஞ்சள்,
கிளி போட்டது.
குழந்தைப்பிள்ளைத் துணி.
கிளிகளில் பாதி தலைகீழாய் வரத் தைத்திருக்கிறாள் றெஜினா.
பவளராணி குனிந்து பழம் பொறுக்கும்போது
அவையெல்லாம் நிமிர்கின்றன.