எட்டாவது வரி

என் பெயருக்கு நேராக
சியூ ஹூனே எழுதிவிட்டாள்:
கறி.
கேள்விக்குறிகூட இல்லை.

ஏழு டிசம்பராகக் கறிதான்.
துவாஸில் எங்கள் கிடங்கு அலுவலகத்தில்
பூங்கொடி என்றால் பூங்,
பூங் என்றால் கறி.
காரம் கொஞ்சம் குறைச்சுக்கோ லா என்பார்கள்.
குறைப்பேன்.
போன வருஷம் மாதிரி இல்லையே என்பார்கள்.

இந்த முறை வேறு ஏதாவது என்று
செவ்வாய் இரவு, துணி மடிக்கையில் தீர்மானித்தேன்.
தீர்மானிப்பது எளிது.

எலுமிச்சைச் சோறு?
அது ஒருமுறை போய்,
யாரோ ஒரு கரண்டி மட்டும் எடுத்த பள்ளத்தோடு
ஜூ கூன் நிலையத்திலிருந்து
என் மடியிலேயே உட்கார்ந்து திரும்பி வந்தது.
மூன்று நாள் நானும் அதுவும்தான் வீட்டில்.

வடை?
ஆறினால் அது வடையில்லை.
இருக்கும் ஒரே மைக்ரோவேவின் முன்
முப்பது பேர் நிற்பார்கள்.

கோழியை ஹலால் கடையில்தான் வாங்குகிறேன்,
என் சட்டியில் பன்றி வெந்ததே இல்லை,
என்றாலும் நோர்ஹயாத்தி
காகிதத் தட்டில் ஆரஞ்சுச் சுளைகளை அடுக்கிக்கொண்டு
டயட் என்று சிரிப்பாள்.
நானும் சிரிப்பேன்.
அந்தச் சிரிப்பில் இரண்டு பேருக்கும் இடமிருக்கிறது.

ஜஸ்பாலுக்கு முட்டை ஆகாது.
மரிவிக்குக்குப் பால் ஆகாது, கேக் ஆகும்.
பகுதிநேரப் பையனுக்கு
நிலக்கடலை பட்டால் உதடு வீங்கும்;
அதை அவன் சொன்னதே
உதடு வீங்கிய பிறகுதான்.

கழித்துக் கழித்துப் பார்த்தால்
மிஞ்சுவது வெள்ளரிக்காய்.
கணக்குப் பிரிவில் இருப்பவள் நான்.
மிச்சம் எப்படி வரும் என்று தெரியும்.

நள்ளிரவில் பட்டியலை மறுபடி திறந்தேன்.
பீஹூன். பாண்டான் கேக்.
பொரித்த கோழி இரண்டு வாளி
(மேலாளர், எப்போதும்போல் கடையிலிருந்து).
போன வருடத் தாளையே பிரதியெடுத்திருக்கிறாள் சியூ ஹூன்.
எட்டாவது வரியில்
பெயரை அழித்தவள்
எதிரில் இருந்ததை அழிக்க மறந்துவிட்டாள்:
ஐஸ்.

தெக் ஹுவாட்.
பத்தொன்பது வருடம் மூன்றாம் வாசலில்
சரக்கு எண்ணிச் சரிபார்த்தவர்.
எனக்கும் சமைக்கத் தெரியாது,
எனக்காகச் சமைக்கவும் ஆளில்லை, ஐஸ் என்னுடையது என்று
முதல் வருடமே பேச்சை முடித்தவர்.
ஐஸ் நன்றாயிருக்கிறது என்று
யாரும் அவரிடம் சொன்னதில்லை.
செய்முறை கேட்டதில்லை.

அக்டோபரில் பதினான்கு பேருக்கு
உறை கொடுத்தார்கள்.
உள்ளே இருந்த தொகையை
நான்தான் கணக்கிட்டேன்,
ஒரு காசு பிசகாமல்.

கறியை அழித்தேன்.
எட்டாவது வரியில்
என் பெயரை எழுதினேன்.

காலையில் அவருக்கு ஒரு செய்தி:
எங்கே வாங்குவீர்கள்?
மதியம்வரை இரண்டு நீலக் குறிகள் மட்டும்.
பிறகு வந்தது:
சூப்பர்மார்க்கெட் வேண்டாம்.
பையனியர் ரோடு பெட்ரோல் நிலையம்.
பைக்கு ஐம்பது காசு குறைவு.
குளிக்கிற துண்டு ஒன்று கொண்டுபோ, சுற்றிக்கொள்ள.
ஆறு பை வாங்கு.
ஐந்து பத்தாது.

வெள்ளிக்கிழமை நல்ல மழை.
டாக்சிக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்
துண்டு போர்த்திய என் சுமையை,
குழந்தையோ என்று.
மின்தூக்கியிலிருந்து பேன்ட்ரிவரை
தரையில் ஒரு நீர்க்கோடு.
விரல்கள் மரத்திருந்தன.

கறி எங்கே? என்றாள் சியூ ஹூன்.
பிறகு குவளைகளைப் பார்த்தாள்,
சூடாகிக் கொண்டிருந்த பண்டோங்கைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல்
கத்தரிக்கோல் எடுத்து வந்தாள்.

ஐந்து பை போனது.
ஆறாவது, பிரிக்கப்படாமலே
பாத்திரத் தொட்டியில் கிடந்து
மெல்லச் சுருங்கியது.
அவர் பழைய தலைக்கணக்கில் சொல்லியிருக்கிறார்.

மாலை நாற்காலிகளை அடுக்கும்போது
கைப்பேசி அதிர்ந்தது.
பத்தியதா?

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு
எழுதினேன்:
சரியாக இருந்தது.