புள்ளி வைத்த புரியாத்

கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசுக்கு எதிரே
ஜபீன் அக்கா டைப்பிங் சென்டரில்
கல்விக் கடன் வட்டிக்கு அவகாசம் கேட்டு
திங்கட்கிழமை மனு.
நான் டாக்டருக்குப் படித்த இடத்தை
அக்கா இப்படி அடித்திருந்தார்:
‘புரியாத அரசுப் பல்கலைக்கழகம்.’

புள்ளி விட்டுப்போச்சு அக்கா.
த் போடணும். அது ஒரு ஜனத்தோட பேரு.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
“எந்த அரசு கண்ணு புரிஞ்சிருக்கு” என்றார்.
வீட்டில் உருது பேசும் விரல்
தமிழில் ஒரு புள்ளி வைத்தது.
பக்கத்துக்கு இருபது ரூபாய்.

டோக்கன் நூற்றுப் பதினெட்டு.
வரிசை வேப்பமரம் வரை நீண்டிருக்கிறது.

ஹாஸ்டலில் அர்யூனா சொல்வாள்:
எங்கள் குடியரசின் பெயரில் இன்னொரு சொல்லும் இருந்தது,
புரியாத்-மங்கோல்.
ஐம்பத்தெட்டில் மங்கோலை எடுத்துவிட்டார்கள்,
இடைக்கோட்டோடு சேர்த்து.
அதற்கும் முன்னால் முப்பத்தேழில்
நிலத்தைத் துண்டு போட்டார்கள்.
அகா ஒரு துண்டு, உஸ்த்-ஓர்தா ஒரு துண்டு.
வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்களை
அந்தக் காலத்திலேயே சுட்டிருந்தார்கள்.
மேலிருந்து கீழே தூறல் மாதிரி இறங்கும் எழுத்தில்
கொள்ளுத்தாத்தா எழுதிய கடிதம் ஒன்று
அவள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது.
வாசிக்கத்தான் வீட்டில் ஆளில்லை.

எங்களையும் பிரிச்சாங்க, என்றேன் நான்,
சளைக்காமல்.
போச்சம்பள்ளியில் பிறந்தபோது நான் தர்மபுரி மாவட்டம்.
ஐந்து வயதில், இருந்த இடத்தில் இருந்தபடியே,
கிருஷ்ணகிரி.
அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:
மறுநாள் பள்ளிக்கூடம் உன் மொழியில் இருந்ததா?
இருந்தது.
பிரித்தவர்களைத் திட்ட முடிந்ததா?
பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்
இன்றைக்கும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.
“அப்போ அது வேற” என்று
மறுபடி உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

அகாவின் தன்னாட்சி ஓட்டுப் போட்டு முடிந்தது.
நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் சம்மதம்.
கணக்கு டீச்சரான அவள் அம்மா
அடுப்படியில் நின்று கழித்துப் பார்த்தாளாம்:
“மீதி ஆறு.
அதில் நம்ம வீட்டிலேயே மூணு.”

தம்பி பெயர் பாயிர்.
என் வாயில் பயிர் என்றே வரும், அவனும் திரும்பிப் பார்ப்பான்.
புரட்டாசி பிறந்த முதல் வாரத்தில்
ராத்திரி கதவைத் தட்டி ஒரு தாள் நீட்டினார்கள்.
வரைபடத்தில் கரைந்துபோன ஊரை
அந்தத் தாள் மட்டும்
தெரு, வீட்டு எண்ணோடு சரியாகக் கண்டுபிடித்திருந்தது.

போன மாதம் ஒரு படம் அனுப்பினாள்.
அவன் படித்த பள்ளிச் சுவரில் அவன் முகம்,
கீழே ருஷ்யனில் ‘தாய்நாட்டுக்காக.’
வேறொன்றும் எழுதவில்லை அர்யூனா.
நானும் எழுதவில்லை.

இன்று காலை பஸ் பாரூர் தாண்டும்போது
புளியமரத்தடியில் எங்கள் வேடியப்பன்.
கையில் வில், காலடியில் இரண்டு மாடு,
குங்குமம் இன்னும் காயவில்லை.
பழைய நடுகல்.
எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு,
எந்த ஊர்த் தொறு,
மீட்டுப் பட்டவன் இன்னாருடைய மகன்
என்று உடைத்துச் சொல்கிற கல்.
கிடாவெட்டில் வளர்ந்த எனக்கு
அதைக் கும்பிடத்தான் தெரியும்.
இன்றைக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
கேட்கத் தோன்றியது:
யாருடைய தொறு, பாயிர்?

நூற்றுப் பதினெட்டு!

கிளார்க் மனுவை வாங்கி
சத்தமாக வாசிக்கிறார்,
புள்ளியைக் கவனிக்காமல்:
புரியாத அரசு…

பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்.
புரியாத் சார், என்கிறேன்.
த்.
நாக்கு பல்லில் முட்டி
அங்கேயே நிற்கணும் சார்.