மூச்சுக்கு முந்நூறு

உலான்பாத்தரில் பேருந்து குன்றேறும்போது
ஓரிடத்தில் புகை முடிந்துவிடுகிறது,
பெரும்பாலான நாட்களில், கோடு போட்டதுபோல.
யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.
முகமூடியைத் தாடைக்கு இறக்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

பதினோராவது மாடி. அரியுன்ஸாயா வீடு.
மூலையில் காற்றைச் சலிக்கும் வெள்ளைப் பெட்டி
நீல வெளிச்சத்தில் ஒன்பது என்கிறது, பன்னிரண்டு என்கிறது,
நான் உள்ளே வந்ததும் நாற்பதுக்கு ஏறுகிறது.
கோட்டைப் பால்கனியில் தொங்கவிடச் சொல்வார்.
கோபமாக அல்ல.
பெட்டி சொல்வதைத்தான் அவர் சொல்கிறார்.

மாதம் ஒருமுறை அதன் முதுகைத் திறந்து
வடிகட்டியை மாற்றுவது என் வேலை.
பழையது கறுத்திருக்கும்,
ஆட்டு வயிற்றின் உள்பக்கம்போல மடிப்பு மடிப்பாக.
'பாருங்கள் டுல்மா, காற்று திசைமாறினால்
உங்கள் பக்கத்துப் புகை இங்கேயும் ஏறிவிடுகிறது.'

உண்மைதான்.
எங்கள் பக்கம் கம்பளிக் கூடாரம், கரி அடுப்பு.
ஒரு மூட்டை மூன்று நாள் வரும்.
மைனஸ் முப்பத்தொன்றில்
அடுப்பை அணைத்துவிட்டு நல்லவர்களாக இருக்கலாம்,
விடியும்வரை.
அவர்கள் சுவருக்குள் ஓடும் வெந்நீரும்
எங்கோ ஒரு கரியில்தான் கொதிக்கிறது.
அந்தப் புகைபோக்கி ரொம்ப உயரம்.
அதனால் அது யாருடைய புகையும் இல்லை.

சாரூலுக்கு நான்கு வயது.
இந்தக் குளிரில் இரண்டாம் முறை நிமோனியா.
தாழ்வாரத்தில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள்,
தலைமாடும் கால்மாடுமாக.
டாக்டர் முகவரி கேட்டு எழுதிக்கொண்டார்.
எழுதிய பிறகு வேறெதுவும் கேட்கவில்லை.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
இங்கே, இங்கே என்று வெண்மையைத் தொட்டுக் காட்டினார்.
கறுப்பாக இருந்தால்தான் நல்ல நுரையீரலாம்.
கறுப்பு என்றால் காற்று.
ஆறு வருடமாகக் கறுப்பைத் துடைத்துப் பிழைப்பவள்;
புரியச் சற்று நேரமானது எனக்கு.

இம்முறை பழைய வடிகட்டியைக் குப்பையில் போடவில்லை.
செய்தித்தாளில் சுற்றி, கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு
பேருந்தில் நின்றேன்.
கைக்குழந்தை என்று நினைத்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.
உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் அதைத் தட்டித் தட்டி உதறினார்.
பனியில் ஒரு கறுப்புச் சதுரம் விழுந்தது.
மேசை விசிறியின் முகத்தில் கம்பியால் கட்டினார்.
விசிறி உறுமியது. கையை நீட்டிப் பார்த்தேன்,
கொஞ்சம் வருகிறது.
எண் காட்ட இதற்கு நீல விளக்கு இல்லை.
சந்தை முனையில் அரசாங்கம் நட்ட பலகைதான் எங்களுக்கு எண்.
நேற்று முந்நூறு.
மூச்சுக்கு முந்நூறு என்றால் என்னவென்று
தூங்கும் சாரூலின் விலாவைப் பார்த்தால் தெரியும்.

தொடும் தூரத்தில் விசிறியை நகர்த்தி வைத்தோம்.
வேலை செய்கிறதா என்று அவர் கேட்டார்.
செய்கிறது என்றேன்.

மூன்று மணிக்கு அடுப்பு தணிந்தது.
எழுந்து இரண்டு கட்டி போட்டேன்.
போடாமல் என்ன செய்ய.
கதவைச் சாத்துமுன் ஒரு வாய்ப் புகை உள்ளே வந்தது,
மிச்சம் மேலே போனது.

பதினோராவது மாடியில்
புது வடிகட்டி இந்நேரம் வெள்ளையாக இருக்கும்,
இன்னும் சில மணி நேரம்.