இடது கொம்பு

பெட்டியின் மேல் என் கையெழுத்து.
உள்ளே ஒரு மண்டையோடு,
உப்பில் காய்ந்த ஒரு தோல்,
நெகிழிப் பையில் ஐந்து காகிதங்கள்.

முர்காபில் நவம்பரில் பேனாவின் மை உறையும்.
அக்குளில் வைத்துச் சூடாக்கி எழுதுவேன்.
இனம்: காட்டுச் செம்மறி. பால்: ஆண்.
வயது: வளையங்களை எண்ணி, ஒன்பது.
வலது கொம்பு நூற்று நாற்பத்தொன்று சென்டிமீட்டர்,
இடது நூற்று முப்பத்தெட்டு.
நுனி எங்கோ பாறையில் உடைந்திருக்கும்,
இல்லை, இன்னொரு கிடாவின் நெற்றியில்.
அதை எழுதக் கட்டம் இல்லை.

சுட்டவர் லியன்ஹார்ட். லின்ட்ஸ் நகரத்துப் பல் மருத்துவர்.
ஆறு நாள் மூச்சு வாங்கியபடி ஏறினார்,
மூக்கில் ரத்தம் வந்தது,
ஏழாம் நாள் முந்நூறு மீட்டரில் ஒரே குண்டு.
விழுந்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு
சுற்றிச் சுற்றி எதையோ தேடினாராம்.
அவர் நாட்டில், செத்த மிருகத்தின் வாயில்
ஊசியிலைக் கிளை ஒன்று வைப்பார்கள், கடைசிக் கவளமாக.
இங்கே மரமேது?
தோகோன்பாய் தெரெஸ்கென் புதரில்
ஒரு குச்சியை முறித்துக் கொடுத்தான்.
எங்களுக்கு அது அடுப்பெரிக்கிற விறகு.
வாங்கி வைத்தார்.
இரண்டு பேரும் பேசவில்லை. காற்று மட்டும்.

தலை அவருக்கு. இறைச்சி எங்களுக்கு.
ஒரு முன்னங்கால் எங்கள் வீட்டுக்கு வந்தது,
வேக ஐந்து மணி நேரம் ஆனது.
கட்டணத்தில் ஊருக்கு விழுந்த பங்கில்
மருத்துவமனைக்குப் புதுக் கொதிகலன்.
புகைபோக்கிக்குக் காசு போதவில்லை,
அது அடுத்த கிடாவுக்குக் காத்திருக்கிறது.

தொண்ணூற்றிரண்டின் குளிரில்
மாவு லாரி வராத அந்த மூன்று மாதம்
என் அப்பா சுட்ட வருடைகளுக்கு எண் கிடையாது.
இடது எவ்வளவு, வலது எவ்வளவு,
யாரும் கேட்கவில்லை.
கொம்புகளைக் கொல்லையில் எறிந்தோம்,
நாய் கடித்துப் பார்த்துவிட்டு விட்டது.

பெட்டி வியன்னா போய்ச் சேர்ந்தது.
சுங்கத்தில் ப்ரைஸ்லர் என்றொரு அதிகாரி
நாடாவை வைத்து அளந்திருக்கிறார்.
இடது: நூற்று முப்பத்தாறு.
நிறுத்து.

நாலு மாதம்.
அனுமதி எண் சரி, முத்திரை சரி,
கால்நடை மருத்துவர் சான்று சரி.
ஆனால் இரண்டு சென்டிமீட்டர் எங்கே?
இது அந்த ஆடுதானா, வேறொன்றா?
விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம்,
மூன்று மொழியில், மூன்றிலும் மரியாதையாக.

மலையில் பச்சையாக இருந்த கொம்பை அளந்தேன் அம்மா,
என்று எழுதத் தொடங்கினேன்.
கொம்புக்குள் ஈரம் உண்டு. காய்ந்தால் சுருங்கும்.
அதுவரை சரியாகத்தான் இருந்தது.
பிறகு பேனா தானே ஓடியது:
அந்த ஈரம் சரிக்கோல் ஏரியின் கரையில் குடித்த தண்ணீர்.
உங்கள் கிடங்கின் சூட்டில்
அது கொம்பை விட்டு வெளியேறியிருக்கிறது,
எந்த முத்திரையும் இல்லாமல்.
ஜன்னலைத் திறந்திருப்பீர்கள்.
இந்நேரம் உங்கள் ஊரில் மழையாகவும் பெய்திருக்கும்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு
முதல் இரண்டு வரியை மட்டும் அனுப்பினேன்.

பெட்டி விடுபட்டது.
புத்தாண்டுக்கு லியன்ஹார்ட் ஒரு படம் அனுப்பினார்.
சுவரில் கிடா, கீழே நாற்காலியில் ஒரு பூனை.
கண்ணாடிக் கண்கள் காப்பி நிறம்.
இதன் கண் மஞ்சள்,
பாவை படுத்த கோடு.
சொல்லலாமா என்று யோசித்தேன்.
அழகாக இருக்கிறது என்று எழுதினேன்.

இந்த ஆண்டிலிருந்து
அளந்த நாளையும் குறிக்கிறேன்,
ஓரத்தில், சின்ன எழுத்தில்:
"ஈரத்தோடு."