இரண்டாம் பரிசு

முதல் பரிசு ஸ்கூட்டி.
அதற்குத்தான் கொப்புடையம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருந்தேன்.
செக்காலை ரோட்டில் கட்டில் வாங்கியபோது தந்த கூப்பன்.
கடைக்காரர் மைக்கில் "அழகு... மீன்..." என்று திக்கி
சீட்டைத் திருப்பிப் பார்த்து "மீனாள்" என்று முடித்தார்.
கூட்டம் சிரித்தது.
கிடைத்தது அந்தமான். இருவர், நான்கு நாள்.
மூன்றாம் நாளுக்கு நேரே
"கேட்டமரான் சவாரி, ஸ்நார்க்லிங்" என்று போட்டிருந்தது.
மாவிளக்குப் போடுவதா வேண்டாமா
என்று இன்னும் முடிவாகவில்லை.

சேவுகப்பெருமாள் போர் மோட்டார் மெக்கானிக்.
எழுநூறு அடிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா என்று
குழாயில் காது வைத்துச் சொல்கிற ஆள்.
இடுப்பளவுத் தண்ணீரில் நின்றதில்லை.
எழுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்க்கு
கண்ணாடியும் மூச்சுக்குழாயும் தருவித்து,
நாங்கள் குடியிருக்கும் பள்ளத்தூர் வீட்டின் பின்கட்டில்
சிமெண்டுத் தொட்டிக்குள் என் தலையை அமுக்கிப் பழக்கினான்.
பாசி. சோப்பு டப்பா மூடி.
போன வருஷம் தொலைந்த கொலுசுத் திருகு.
"மூக்க மறந்துரு" என்பான் மேலே நின்றுகொண்டு.
மூக்கை எப்படி மறப்பது?

தீவில் அந்தப் படகுக்கு இரண்டு உடம்பு,
நடுவே வலை கட்டி ஒரு வயிறு.
"கேட்டமரான், கேட்டமரான்" என்றான் படகுப் பையன் தபன்.
கட்டுமரமா என்றேன்.
அதேதான் அக்கா என்று இந்தியில் சிரித்தான்.
"நம்ம சொல்லு வெள்ளக்காரன்கிட்ட வேலைக்குப் போயி
பேண்டு சட்டையோட வந்திருக்கு,
நம்மகிட்டயே டிக்கெட் கேக்குது"
என்ற சேவுகன்,
பாய் விரிந்த அடுத்த நிமிஷம் வலையில் குப்புற விழுந்தான்.
காலையில் தின்ற பூரி கடலுக்குப் போனது.
மீன்கள் வந்தன.

நான் இறங்கினேன்.

கயிற்றை அவன் பிடித்திருந்தான், இரண்டு கையாலும்.
குழிக்குள் மோட்டார் இறக்குகிற பிடி.

கல்லுக்கட்டி லேபில் இன்றைக்கும் கேட்கிறார்கள்,
என்ன பார்த்தாய் என்று.
போனில் இருப்பது கொஞ்சம் நீலமும் என் கட்டைவிரலும்.
நிறத்தைச் சொல்லப் போனால்
புடவைக் கடைப் பெயர்கள்தான் வாயில் வருகின்றன.
சத்தத்தைச் சொல்லலாம்.
கிளிமூக்கு மீன் ஒன்று பவளப்பாறையைக் கடித்தது.
அடுத்த அறையில் யாரோ சீப்புச் சீடை தின்கிறார்கள்,
நமக்குத் தராமல்.
அப்படி ஒரு சத்தம்.
அது தவிர என் மூச்சு.
முப்பத்து நாலு வருஷம் கூடவே இருந்துவிட்டு
அன்றைக்குத்தான் பேச வந்ததுபோல
காதுக்குள் உட்கார்ந்துகொண்டு அத்தனை பேச்சு.

ரத்தம் எடுக்கக் கை நீட்டுகிறவர்களிடம்
தபன் சொன்னதையே சொல்கிறேன்.
வாயால் மூச்சு விடுங்கள்,
தண்ணீரோடு சண்டை போடாதீர்கள்.
"எந்தத் தண்ணி?" என்றார்
சர்க்கரை பார்க்க வந்த பஸ் டிரைவர்.

நேற்றிரவு கரண்ட் போனது. சித்திரை.
வீட்டுக்காரர்கள் பினாங்கில், சாவி வக்கீலிடம்.
பூட்டிக் கிடக்கும் முன்கட்டிலிருந்து
கரக், கரக் என்று வந்தது.
இந்தச் சுவரெல்லாம் சிப்பி சுட்ட சுண்ணாம்பு என்று
வாடகை பேசும்போது வக்கீல் சொல்லியிருந்தார்,
ஆணி அடிக்கக் கூடாது என்பதற்காக.

தடவித் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன்.
குழாயைக் கவ்விக்கொண்டு
கூப்பன் தந்த கட்டிலில் குப்புறப் படுத்தேன்.

"எலிதான்" என்றான் சேவுகன் இருட்டில்.
"நாளைக்குப் பொறி வாங்கணும்."

வாயில் குழாய். பதில் சொல்ல முடியாது.
கையை மட்டும் நீட்டினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு பிடித்துக்கொண்டான், அதே பிடி.
"எம்புட்டு ஆழம்?" என்றான்.